பவளம் தின்னும் நட்சத்திர மீன்! வழி மறிக்கும் ஏரி!

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் ஒரு ஒடுக்கமான நிலம் இணைக்கிறது. அந்த இடத்தில் பனாமா என்ற சின்ன நாடு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் பசிபிக் சமுத்திரம். மறு பக்கம் கரிபியன் கடல். கரிபியன் கடல், அட்லாண்டிக் சமுத்திரத்தின் ஒரு பகுதி.

இரண்டுக்கும் நடுவே உள்ள நிலத்தின் அகலம் சில இடங்களில் 50 கிலோ மீட்டர்தான். சென்னையில் இருந்து செங்கல்பட்டு போகிற தூரம்கூட இல்லை.

பசிபிக் பக்கத்துக் கடலில் ஒரு நட்சத்திர மீன் வாழ்கிறது. பவளம்தான் அதற்குச் சாப்பாடு. கரிபியன் பக்கத்தில் அந்த மீன் கிடையாது.

கரிபியனில் மட்டும் அல்ல. அட்லாண்டிக் சமுத்திரம் முழுவதிலுமே கிடையாது!

செங்கடல் முதல் பசிபிக் கோடி வரை பரவி இருக்கும் பிராணி அது. செங்கல்பட்டுத் தூரத்தைத் தாண்ட முடியாமல் பனாமாவில் நிற்கிறது. அது தாண்டிவிடக் கூடாதே என்று விஞ்ஞானிகள் ஐம்பது ஆண்டுகளாகக் கவலைப்படுகிறார்கள்.

ஏன் இந்தக் கவலை?

உடம்பெல்லாம் முள்

அதன் பெயர் முள்முடி நட்சத்திர மீன். பெயரில்தான் மீன். உண்மையில் அது மீன் இனம் அல்ல. செதிள் இல்லை, துடுப்பு இல்லை. கடல் முள்ளெலிக்கு உறவு.

சாதாரண நட்சத்திர மீனுக்கு 5 கைகள். இதற்கோ பதினைந்து, இருபது கைகள்கூட இருக்கும். உடம்பு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. சில, அதைவிட இரண்டு மடங்கு பெரிதாகவும் வளரும்.

மேலெல்லாம் முள். ஒவ்வொரு முள்ளும் 4 அல்லது 5 சென்டி மீட்டர் நீளம். முள்ளில் விஷம் உண்டு. காலில் குத்தினால் கடுப்புத் தாங்காது. வீக்கமும் வாந்தியும் வரும்.

ஆனால் ஆள் மகா சோம்பேறி. அவசரமாக நகர்ந்தாலும் ஒரு மணி நேரத்தில் 20 மீட்டர்தான் போகும்.

அது சாப்பிடும் விதம் விசித்திரமானது. நாம் உணவை வாய்க்குள் போட்டு வயிற்றுக்கு அனுப்புகிறோம். இது வயிற்றையே வாய் வழியாக வெளியே அனுப்பும்!

பவளத்தின் மேல் ஏறி உட்காரும். இரைப்பையை வெளியே தள்ளி, பவளத்தின் மேல் துணி விரித்தாற்போல் விரிக்கும். அதில் சுரக்கும் நீர், பவளத்தின் சதையைக் கரைத்துக் கூழாக்கும். கூழை உறிஞ்சிக்கொண்டு இரைப்பையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு பக்கத்துப் பவளத்துக்குப் போகும்.

பவளப் பாறை, பாறை மாதிரி இருந்தாலும் உயிர் உள்ளது. கோடிக் கணக்கான சிறு பிராணிகள் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொண்டு கூட்டமாக வாழ்கின்றன. முள்முடி மீன் தின்றது போக மிஞ்சுவது வெள்ளை வெளேர் என்ற காலி வீடுதான். சில நாளில் அதன் மேல் பாசி படர்ந்துவிடும்.

ஒரு முள்முடி மீன், ஓர் ஆண்டில் 6 சதுர மீட்டர் வரை பவளத்தைத் தின்றுவிடும். அதாவது இரண்டு பாய் விரிக்கிற இடத்துக்கு மேலே.

ஒன்றிரண்டு இருந்தால் கெடுதல் இல்லை. வேகமாக வளரும் பவளத்தை அது தின்பதால், மெதுவாக வளரும் பவளத்துக்கு இடம் கிடைக்கிறது. படையாக வந்தால்தான் ஆபத்து.

எங்கெல்லாம் இருக்கிறது?

இந்தப் பிராணியைப் பற்றி முதலில் எழுதியவர் ரம்பியஸ் என்ற ஜெர்மானியர். இன்றைய இந்தோனேசியாவில் உள்ள அம்போய்னா தீவில் டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். கண் பார்வை போன பிறகும் ஆராய்ச்சியை விடாதவர். அவர் இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1705-ல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. அதில் இந்த நட்சத்திர மீன் இருக்கிறது.

இன்று அதன் எல்லை நன்றாகத் தெரியும்.

மேற்கே செங்கடல். அங்கிருந்து ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை ஓரமாகத் தென் ஆப்பிரிக்காவின் சோட்வானா விரிகுடா வரை. மாலத் தீவு, லட்சத் தீவு, அந்தமான் எல்லாவற்றிலும் உண்டு. இலங்கையின் கிழக்குக் கரையிலும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் திருகோணமலைப் பக்கத்துப் பவளத்துக்கு இதனால் பெரும் சேதம் ஏற்பட்டது.

கிழக்கே போனால் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஜப்பானின் தென் பகுதி. தெற்கே ஆஸ்திரேலியா. அப்புறம் பசிபிக் தீவுகள், ஹவாய். கடைசியாக மெக்சிகோ, பனாமா நாடுகளின் பசிபிக் கரை.

நடுப் பசிபிக் தீவுகளுக்கும் அமெரிக்கக் கரைக்கும் நடுவே சுமார் 5 ஆயிரம் கிலோ மீட்டர் தூரம் ஆழ்கடல். பெரும்பாலான பவளக் கடல் பிராணிகளால் அதைக் கடக்க முடியவில்லை. முள்முடி மீன் அக்கரையிலும் இருக்கிறது!

எல்லாம் ஒரே இனம் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 2008-ல் விஞ்ஞானிகள் மரபணுக்களைப் பரிசோதித்தார்கள். செங்கடலில் ஒன்று, இந்து மகா சமுத்திரத்தின் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, பசிபிக்கில் ஒன்று என்று குறைந்தது நான்கு இனங்கள் என்று தெரிந்தது. இவை பிரிந்து 20 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் இருக்கும். திருகோணமலை மீனும் பனாமா மீனும் ஒன்றுவிட்ட சொந்தம்தான். ஆனால் தொழில் ஒன்றே!

குழந்தைகள் செய்யும் பயணம்

மணிக்கு 20 மீட்டர் நகரும் பிராணி இவ்வளவு தூரம் பரவியது எப்படி?

தாய் நகர்வதில்லை. குஞ்சுதான் பயணம் செய்கிறது.

பெரிய பெண் மீன், ஒரு பருவத்தில் 6 கோடி முட்டைகளுக்கு மேல் இடும். முட்டையில் இருந்து வரும் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிது. அதற்குக் கையும் இல்லை, முள்ளும் இல்லை. கண்ணாடி போல இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரம் வரை நீரோட்டத்தோடு மிதக்கும். நீரோட்டம் எங்கே கொண்டுபோகிறதோ, அதுதான் அதன் ஊர்.

பிறகு கடல் தரையில் இறங்கி நட்சத்திரமாக உருமாறும். முதலில் பாறையில் படர்ந்த பாசியைத் தின்னும். கொஞ்சம் வளர்ந்ததும் பவளத்துக்கு மாறும்.

பவளம் கிடைக்காவிட்டால்?

பாசியைத் தின்றபடி குட்டியாகவே காத்திருக்கும்! ஆறு ஆண்டுக்கு மேல் இப்படிக் காத்திருந்த குட்டிகள், பவளத்தைக் கண்டதும் தின்னத் தொடங்கின. 2020-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதைச் சோதனை செய்து சொன்னார்கள். அழிந்துபோன பவளம் மறுபடி வளர்வதற்காகப் பாறை இடுக்கில் ஒரு குட்டிப் படையே காத்திருக்கலாம் என்பது இதற்கு அர்த்தம்.

படையெடுப்பு

1962-ல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகருக்கு எதிரே உள்ள பசுமைத் தீவில் முள்முடி மீன்கள் கூட்டம் கூட்டமாகத் தென்பட்டன. கண்ணாடி அடி வைத்த படகில் போய்ப் பவளத்தை வேடிக்கை பார்க்கிற இடம் அது. சில ஆண்டுகளில் அங்கே பார்க்கப் பவளம் இல்லை.

அடுத்தது குவாம் தீவு. 1967-ல் தொடங்கி இரண்டரை ஆண்டுக்குள், 38 கிலோ மீட்டர் நீளக் கரையில் 100-க்கு 90 பங்கு பவளம் செத்தது.

ஜப்பானின் தென் கோடியில் உள்ள ரியூக்யூ தீவுகளில், 1970 முதல் 1983 வரை 1 கோடியே 30 லட்சம் நட்சத்திர மீன்களைப் பிடித்துக் கொன்றார்கள். அப்படியும் பவளத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

பிரெஞ்சுப் பாலினேசியாவின் மூரியா தீவில், 2006-ல் கடல் தரையின் 100-க்கு 40 பங்கில் உயிருள்ள பவளம் இருந்தது. 2010-ல் 5 பங்குகூட மிஞ்சவில்லை.

ஆஸ்திரேலியாவின் மகா பவளத் திட்டு 2,300 கிலோ மீட்டர் நீளம். 1985 முதல் 2012 வரை அதன் பவளத்தில் பாதி அழிந்தது. அந்த அழிவில் 100-க்கு 48 பங்கு புயலால். 42 பங்கு, முள்முடி மீனால். கடல் சூடாகிப் பவளம் வெளுத்ததால் 10 பங்கு.

புயலோடு போட்டி போடுகிறது இந்த நட்சத்திரம்!

இதை ஒழிக்க என்னென்னவோ செய்து பார்த்தார்கள். வெட்டிப் போட்டால் போன கை மறுபடி முளைக்கும். அதனால் ஊசி போடுகிறார்கள். முன்பு ஒரே மீனுக்குப் பத்து, இருபது இடத்தில் மருந்து ஏற்ற வேண்டி இருந்தது. பிறகு மாட்டின் பித்த நீர் ஒரே ஊசியில் கொல்வதைக் கண்டுபிடித்தார்கள். ஊறுகாயில் ஊற்றுகிற வினிகரும் அதே வேலையைச் செய்யும் என்று 2015-ல் தெரிந்தது. வினிகர் ஏற்றிய மீன், இரண்டு நாளில் செத்துவிடும். ஆனால் ஒவ்வொரு மீனையும் முக்குளித்துத் தேடித்தான் குத்த வேண்டும்.

காவல்கார நண்டு

இவ்வளவு தூரம் வந்த மீன் அட்லாண்டிக்குக்குள் போகாததற்குக் காரணம் குளிரும் நிலமும்.

பவளமும் முள்முடி மீனும் வெப்பக் கடலில் வாழ்பவை. ஆப்பிரிக்காவின் தென் முனையைச் சுற்றிப் போனால் மேற்குக் கரையில் குளிர்ந்த நீரோட்டம். தென் அமெரிக்காவின் முனையோ பனிக் கடல். இரண்டு வழியும் மூடல். சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போனால், அங்கே வெப்பக் கடல் பவளத் திட்டுகள் இல்லை.

மிச்சம் பனாமா.

ஒரு காலத்தில் அங்கே நிலம் இல்லை. இரண்டு சமுத்திரமும் ஒன்றாக இருந்தன. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு நிலம் எழுந்து கதவைச் சாத்தியது. அன்று முதல் இரண்டு பக்கத்துப் பிராணிகளும் பவளமும் தனித் தனியாக வளர்ந்தன.

பசிபிக் பக்கத்துப் பவளம், எதிரியோடு வாழப் பழகிக்கொண்டது. பனாமாவில் ஆராய்ச்சி செய்த பீட்டர் கிளின் என்ற அமெரிக்க விஞ்ஞானி, 1970-களில் இதை விவரமாக எழுதினார்.

சிரிகி வளைகுடா என்பது பனாமாவின் மேற்குப் பகுதியில், பசிபிக் கரையில் இருக்கிறது. முள்முடி மீன் இருப்பது அங்கேதான். அங்கே ஒரு வகைப் பவளத்தின் கிளைகளுக்குள் சிறு நண்டு குடியிருக்கிறது. விரல் நுனி அளவுதான் இருக்கும். முள்முடி மீன் ஏறி வந்தால் நண்டு ஓடி ஒளிவதில்லை. பாய்ந்து வந்து அதன் கால்களைக் கவ்வும். முள்ளை ஒடிக்கும். கிளையை உலுக்குவது போல உலுக்கும். இத்தனை பெரிய மீன், அந்தச் சுண்டு நண்டுக்குப் பயந்து இறங்கிப் போய்விடும்!

வாடகை கொடுக்காத குடித்தனக்காரர் என்று நண்டைச் சொல்ல முடியாது.

அங்கே ஓர் இறாலும் உண்டு. உடம்பெல்லாம் புள்ளி போட்ட அழகான இறால். அது முள்முடி மீனையே தாக்கித் தின்னும். இறால் கடித்த புண் வழியாக ஒரு புழுவும் உள்ளே புகுந்துவிடும்.

நண்டு வாழும் பவளம், வேலி போல வளர்ந்து நின்றது. வேலிக்கு உள்ளே, நண்டுக் காவல் இல்லாத வேறு பவளங்கள் பத்திரமாக இருந்தன. 1982-83-ல் கடல் அளவுக்கு மீறிச் சூடானது. வேலிப் பவளம் செத்தது. நண்டுகள் போய்விட்டன. முள்முடி மீன்கள் வேலிக்குள் நுழைந்தன. நெடுங்காலமாகப் பாதுகாப்பாக இருந்த பவளத்தைத் தின்னத் தொடங்கின.

கரிபியன் பக்கம் இந்தக் காவல்கார நண்டும் கிடையாது. அந்தப் புள்ளி இறாலும் கிடையாது. அந்தப் பவளங்கள் முள்முடி மீனைக் கண்டதே இல்லை. விஞ்ஞானிகளின் கவலை இதுதான்.

அணுகுண்டு வைத்துக் கால்வாய்!

நிலத்தை வெட்டி 1914-ல் பனாமா கால்வாய் திறந்தார்கள். அப்படியானால் கதவு திறந்துவிட்டது அல்லவா?

இல்லை. பனாமா கால்வாய் கடலையும் கடலையும் நேராக இணைக்கவில்லை. நடுவே காத்தூன் என்ற ஏரி இருக்கிறது. சாக்ரெஸ் ஆற்றுக்கு அணை போட்டு உண்டாக்கிய ஏரி. கடல் மட்டத்துக்கு மேல் 26 மீட்டர் உயரம். அதில் இருப்பது நல்ல தண்ணீர். பனாமா மக்கள் குடிக்கும் தண்ணீரும் அதில் இருந்து போகிறது.

கப்பல் வந்ததும் ஒரு தொட்டிக்குள் விட்டுக் கதவை மூடுகிறார்கள். ஏரித் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். தண்ணீர் ஏற ஏறக் கப்பலும் ஏறும். இப்படிப் படிப்படியாக ஏரிக்குப் போய், மறு பக்கம் படிப்படியாக இறங்கும். ஒரு கப்பல் கடந்தால் சுமார் 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலில் கலக்கிறது.

நட்சத்திர மீன் இனத்துக்கு உப்பு நீர்தான் உயிர். உலகத்தில் நல்ல தண்ணீரில் வாழும் நட்சத்திர மீன் ஒன்றுகூட இல்லை. குஞ்சானாலும் சரி, தாயானாலும் சரி, ஏரித் தண்ணீரில் செத்துவிடும்.

கால்வாயின் பசிபிக் வாசலில் இன்னொரு காவலும் உண்டு. அது திறப்பது பனாமா வளைகுடாவில். ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை அங்கே வாடைக் காற்று அடிக்கும். அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். முள்முடி மீன் அங்கே குடியேறவில்லை என்பதைக் கிளின் கவனித்திருக்கிறார்.

இந்த ஏற்பாட்டுக்கு 1960-களில் ஆபத்து வந்தது.

கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. தொட்டியும் வேண்டாம், ஏரியும் வேண்டாம், கடல் மட்டத்திலேயே நேராக ஒரு கால்வாய் வெட்டலாம் என்று அமெரிக்க சர்க்கார் நினைத்தது. 1964-ல் சட்டம் போட்டது. ஒரு கமிஷன் வேலையைத் தொடங்கியது. மலையைத் தகர்க்க அணுகுண்டு வெடிக்கலாமா என்றுகூட ஆராய்ந்தார்கள்!

பனாமாவில் இருந்த ஐரா ரூபினாஃப் என்ற விஞ்ஞானி, 1968-ல் ஒரு கட்டுரை எழுதினார். 30 லட்சம் ஆண்டுகளாகப் பிரிந்திருந்த பிராணிகளை ஒரே நாளில் கலந்துவிட்டால் என்ன நடக்கும், அதை ஆராயாமல் கால்வாய் வெட்டலாமா என்று கேட்டார். குவாமில் பவளம் அழிந்துகொண்டிருந்த நேரம் அது. முள்முடி மீனின் பெயரும் விஷக் கடல் பாம்பின் பெயரும் விவாதத்தில் அடிபட்டன. அந்தப் பாம்பும் பசிபிக் பக்கத்தில் மட்டுமே இருக்கிறது.

1970-ல் கமிஷன் அறிக்கை கொடுத்தது. அணுகுண்டு வேண்டாம் என்றது. ஆனால் கடல் மட்டக் கால்வாய் வெட்டலாம் என்றது! பிராணிகள் கலப்பது பெரிய ஆபத்தாக அதற்குத் தோன்றவில்லை.

விஞ்ஞானிகளின் பேச்சைக் கேட்டுத் திட்டத்தைக் கைவிட்டார்கள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நடந்தது அது மட்டும் அல்ல. செலவு சுமார் 300 கோடி டாலர். கால்வாய் யாருக்குச் சொந்தம் என்று பனாமாவோடு தகராறு வேறு. 1977-ல் மறுபடி பேச்சு எழுந்தது. கடைசியில் யாரும் வெட்டவில்லை.

எதிரி வந்தால் என்ன ஆகும்?

விஞ்ஞானிகள் வீணாகப் பயப்படவில்லை என்பதற்கு 1983-ல் ஒன்று நடந்தது.

கரிபியன் கடலில் கறுப்பு முள்ளெலிகள் கணக்கின்றி இருந்தன. பாசியைத் தின்று பவளத்தைக் காத்தவை அவை. அந்த ஆண்டு ஜனவரியில் அவை திடீரென்று சாகத் தொடங்கின. முதலில் செத்தது எங்கே? பனாமா கால்வாயின் கரிபியன் வாசலுக்குப் பக்கத்தில்! ஓர் ஆண்டில் கரிபியன் முழுவதும் நோய் பரவியது. 100-க்கு 90-க்கு மேல் செத்தன. பாசி மண்டிப் பவளம் மூச்சு முட்டியது. பசிபிக்கில் இருந்து கப்பலில் வந்த கிருமியாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள்.

இன்னொன்று சிங்க மீன். இந்து மகா சமுத்திரத்துக்கும் பசிபிக்குக்கும் உரியது. கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்த்தவர்கள் யாரோ கடலில் விட்டிருக்கிறார்கள். 1985-ல் அமெரிக்காவின் புளோரிடா கரையில் ஒன்று அகப்பட்டது. இன்று கரிபியன் முழுவதும் அதுதான் மேய்கிறது. அங்குள்ள சிறு மீன்களுக்கு அது எதிரி என்று தெரியவே இல்லை.

முள்முடி மீன் இதுவரை வரவில்லை.

2016-ல் பனாமா கால்வாயில் இன்னும் பெரிய தொட்டிகளைத் திறந்தார்கள். ஏரி அதேதான். ஆனால் பெரிய கதவுகள் வழியே உப்பும் கூடுதலாக ஏரிக்குள் ஏறுகிறது. கடல் மீன் இனங்கள் ஏரியில் பெருகி இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். 2023-ல் மழை பொய்த்து ஏரி வற்றியபோது, கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டி வந்தது.

கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் தண்ணீர் இன்னொரு கவலை. சரக்கு இல்லாத கப்பல், ஆடாமல் இருக்கக் கடல் நீரை உள்ளே ஏற்றிக்கொள்ளும். அந்த நீரில் எத்தனையோ பிராணிகளின் குஞ்சுகள் இருக்கும். அவை ஏரித் தண்ணீரில் நனையாமலே ஏரியைக் கடந்துவிடும். இப்படி ஏற்றிய நீரைச் சுத்தம் செய்யாமல் வேறு கடலில் கொட்டக் கூடாது என்ற சர்வதேச ஒப்பந்தம், 2017 செப்டம்பரில் அமலுக்கு வந்தது.

சிரிகி வளைகுடாவில் முள்முடி மீன் பவளத்தின் மேல் இரைப்பையை விரித்து உட்கார்ந்திருக்கிறது. கிழக்கே, பசிபிக் வாசலில் கப்பல்கள் வரிசையாகக் காத்து நிற்கின்றன. முறை வந்ததும் ஒவ்வொன்றாக ஏரிக்கு ஏறுகின்றன. கப்பலின் அடியில் ஒட்டி வந்த கடல் பிராணிகள், நல்ல தண்ணீர் பட்டதும் செத்து உதிர்கின்றன. எட்டு, பத்து மணி நேரம் கழித்துக் கப்பல் மறு பக்கம் கரிபியனில் இறங்குகிறது.